பிளாஸ்டிக் பொருள்களில் தீங்கான வேதிப்பொருள்கள்: சோதனையையும் சட்டத்தையும் அறிக்கையையும் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

'சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று அட்டையில் அச்சடிக்க எந்த உற்பத்தியாளருக்கும் அதிகம் செலவாகாது. எந்த வேதிப்பொருளுக்காகச் சோதித்தார்கள், எந்த முறையில் சோதித்தார்கள், எந்த வரம்போடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றும் தெரியாதவரை அந்த வாசகத்துக்குப் பொருள் இல்லை. ஈயத்துக்கான சோதனையில் தேறிய ஒரு மென்மையான பொம்மையில், அதன் எடையில் கால் பங்கு, மென்மைக்காகச் சேர்க்கப்படும் தாலேட் என்ற தடைசெய்யப்பட்ட வேதிப்பொருளாக இருக்கலாம். அறிக்கையில் பொய் ஒன்றும் இருக்காது. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே விடை சொல்லியிருக்கும்.

எனவே கேள்வியைச் சரியாகக் கேட்பதற்குத்தான் இங்கே அதிக இடம். பிளாஸ்டிக் பொருள்களை வாங்கி விற்பவர்கள், சிறிய அளவில் தயாரிப்பவர்கள், குழந்தைகளுக்காகக் கவனமாக வாங்குபவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன்.

படி 1: உள்ளிருப்பதை அளப்பதா, வெளியே வருவதை அளப்பதா?

இரண்டும் வேறு வேறு சோதனைகள். முதலாவதில் மாதிரியை முழுவதுமாகக் கரைத்து, அதில் குறிப்பிட்ட பொருள் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். இரண்டாவதில் மாதிரியை ஒரு திரவத்தில் குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட நேரம் வைத்து, எவ்வளவு கசிந்து வருகிறது என்று பார்க்கிறார்கள்.

சட்டங்களும் இதில் ஒரே வழியில் போவதில்லை. குழந்தைகளுக்கான பொருளில் கைக்கு எட்டும் எந்தப் பகுதியிலும் மொத்த ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கா. ஐரோப்பிய பொம்மைத் தரமான ஈஎன் 71-3, ஈயம் உள்ளிட்ட 19 தனிமங்களும் தனிம வடிவங்களும் எவ்வளவு கசிகின்றன என்று கேட்கிறது. குழந்தை விழுங்கிய துண்டு இரைப்பைக்குள் கிடப்பதைப்போல, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் மாதிரியை வைக்கிறார்கள். ஒரே பொம்மை ஒன்றில் தேறி மற்றொன்றில் தோற்கலாம்.

எது மேல் என்று கேட்டால், கண்காணிப்புக்கு மொத்த அளவே எளிது என்பேன். கசிவு அளவு, சோதனைச் சூழலைச் சற்று மாற்றினாலே மாறிவிடும். ஆனால் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்ற கேள்விக்கு அருகில் நிற்பது கசிவுச் சோதனைதான்.

அதனால் ஆய்வகத்தை அணுகுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பொருளை யார் பயன்படுத்துவார்கள், எந்தப் பகுதி வாயிலோ தோலிலோ உணவிலோ படும், சூடாகுமா, எண்ணெய் படுமா, எவ்வளவு நேரம். மற்ற முடிவுகள் இந்தத் தாளிலிருந்தே வரும்.

படி 2: எந்த பிளாஸ்டிக் என்று கண்டுபிடியுங்கள்

'பிளாஸ்டிக்' என்ற ஒரே பெயருக்குள் பல வேதிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சந்தேகப்பட வேண்டியது வேறு.

அடியில் உள்ள முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருந்தால் அது முதல் தடயம். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் மறுசுழற்சிக்காக அறிமுகப்படுத்திய குறியீடு அது. பாதுகாப்பு முத்திரை அன்று. பலர் அதைத் தர எண்ணாகவே படிக்கிறார்கள். 5 என்றால் நல்லது, 7 என்றால் விஷம் என்பது போல. 7 என்பது 'மற்றவை' என்ற கூடை. பாலிகார்பனேட், நைலான், தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலம் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கின்றன.

எண் 3, பி.வி.சி. அது இயல்பில் கடினமானது. குழாயாக இருந்தால் அப்படியே விடுவார்கள். வளையும் பொம்மையாகவோ மேசை விரிப்பாகவோ ஆக்க வேண்டுமென்றால் நெகிழ்வூட்டி சேர்க்க வேண்டும். பல காலம் அந்த வேலையைச் செய்தவை தாலேட்டுகள். மிக மென்மையான பொருள்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கலாம். அவை பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பில் இல்லை. இடுக்குகளில் தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் எண்ணெய்க்கும் எச்சிலுக்கும் வீட்டுத் தூசிக்கும் மெல்ல நகர்ந்து போகின்றன. பி.வி.சி. சூட்டில் சிதையாமல் இருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்திகளில் ஈயமும் காட்மியமும் இருந்ததுண்டு. ஆக மென்மையான பி.வி.சி. என்று தெரிந்தால் தாலேட், ஈயம், காட்மியம் மூன்றையும் கேட்க வேண்டும்.

கண்ணாடிபோல் தெளிவாக, எளிதில் உடையாமல் இருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். அதன் மூலப்பொருளே பிஸ்பீனால் ஏ. சூடும் காரமும் (அல்கலி) சேர்ந்தால் அதன் சங்கிலி அறுந்து, பிஸ்பீனால் ஏ வெளியே வரும். 1998-ல் அமெரிக்க மரபியலாளர் பாட்ரீசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில் எலிகளின் கருமுட்டைகளில் திடீரெனக் குரோமோசோம் கோளாறுகள் பெருகின. காரணத்தைத் தேடியபோது, பாலிகார்பனேட் கூண்டுகளைத் தவறுதலாகக் கடுமையான காரச் சோப்பால் கழுவியிருந்தது தெரியவந்தது. இந்த ஆய்வு 2003-ல் வெளியானது. பின்னர் 'பிபிஏ இல்லை', அதாவது பிஸ்பீனால் ஏ இல்லை, என்ற வாசகம் உலகெங்கும் பரவியது. பல பொருள்களில் அதன் உறவினரான பிஸ்பீனால் எஸ் இடம்பிடித்தது. 2018-ல் அதே ஆய்வுக் குழு, சேதமடைந்த வேறுவகை பிளாஸ்டிக் கூண்டுகளிலிருந்து பிஸ்பீனால் எஸ் கசிந்து எலிகளில் அதே வகைக் கோளாறுகளை உண்டாக்குவதாக எழுதியது. 'இது இல்லை' என்ற வாசகத்தைப் பார்த்தால் 'பதிலுக்கு எது இருக்கிறது' என்று கேளுங்கள்.

பளபளப்பான, பீங்கான் போன்ற தட்டு என்றால் மெலமைன். அதில் ஃபார்மால்டிஹைடையும் மெலமைனையும் பார்க்க வேண்டும். 'மூங்கில்' என்று விற்கப்படும் பல கோப்பைகள், மெலமைன் பிசினில் மூங்கில் தூளைக் கலந்து வார்த்தவையே. தூள் சேர்வதால் பிசின் விரைவாகச் சிதையலாம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றுக்கு எதிராகத் தனி நடவடிக்கையே எடுத்தது. இயற்கைப் பொருள் என்ற பெயரில் சாதாரண பிளாஸ்டிக்கைவிட மோசமான ஒன்று விற்பது எனக்கு எரிச்சல் தரும் விஷயம்.

கறுப்பு நைலான் கரண்டி என்றால் அரோமாட்டிக் அமீன்கள். கறுப்பு நிறத்தில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருள் என்றால் புரோமின் கொண்ட தீத்தடுப்பிகள்; பழைய மின்னணுப் பெட்டிகளை உருக்கிச் செய்திருக்கலாம். ரப்பர் வாடையோடு எண்ணெய்ப் பிசுக்குள்ள கைப்பிடி என்றால் பலவளைய ஹைட்ரோகார்பன்கள். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டுக்கும் நெகிழ்வூட்டி தேவையில்லை, பிஸ்பீனாலும் தேவையில்லை. அவற்றில் நிறமியைத்தான் முதலில் பார்ப்பேன்.

குறியீடு இல்லையென்றால் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையை ஆய்வகத்தில் கேளுங்கள். சில நிமிட வேலை. பிளாஸ்டிக் வகை தெரிந்தாலே பல சோதனைகள் தேவையற்றுப் போகும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமே 2017-ல் பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் உள்ளிட்ட சிலவற்றுக்கு மூன்றாம் தரப்பு தாலேட் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. வீட்டில் செப்புக் கம்பியைச் சூடாக்கி பி.வி.சி.யா என்று பார்க்கும் முறை உண்டு. வேண்டாம், வெளிவரும் புகை நல்லதன்று.

படி 3: எந்தச் சட்டம் பொருந்தும்?

பொருள் விற்கப்படும் இடத்தின் சட்டமே பொருந்தும், செய்யப்படும் இடத்தினுடையதன்று. ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்கள் இதில்தான் அதிகம் சிக்கிக்கொள்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள 'ரீச்' என்ற வேதிப்பொருள் ஒழுங்குமுறைச் சட்டம் அடித்தளம். தரவு தராதவருக்குச் சந்தை இல்லை என்பதே அதன் கொள்கை. பாதுகாப்பை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில். அதன் இணைப்புப் பட்டியலில் நான்கு தாலேட்டுகள், அதாவது டிஇஎச்பி, டிபிபி, பிபிபி, டிஐபிபி, தனித்தனியாகவோ சேர்ந்தோ நெகிழ்வூட்டப்பட்ட பொருளின் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முதலில் பொம்மைகளுக்கும் குழந்தைப் பொருள்களுக்கும் இருந்த இந்த விதி, 2020 ஜூலை முதல் பெரும்பாலான நுகர்வோர் பொருள்களுக்கு விரிந்தது. குறிப்பிட்ட பிளாஸ்டிக்குகளில் காட்மியத்துக்கு 0.01 விழுக்காடு. எட்டு பலவளைய ஹைட்ரோகார்பன்கள் ஒவ்வொன்றுக்கும், தோலிலோ வாயிலோ படும் பகுதிகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். பொம்மைகளில் அதில் பாதி.

இவற்றுக்கு மேல், 'மிகுந்த கவலைக்குரிய பொருள்கள்' என்ற பட்டியலும் இருக்கிறது. 2008-ல் 15 பெயர்களோடு தொடங்கி இன்று 200-ஐத் தாண்டிவிட்டது. இப்பட்டியலில் இருப்பது தடை ஆகாது. ஆனால் ஒரு பொருளில் அது 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தகவல் தர வேண்டும். மிதிவண்டியின் கைப்பிடியில் அது இருந்தால் விகிதத்தை எதை வைத்துக் கணக்கிடுவது, கைப்பிடியின் எடையா, முழு வண்டியின் எடையா? 2015-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: முழுப் பொருளுக்குள் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு பாகமும் தனிப் பொருள்தான். கைப்பிடியின் எடைதான் கணக்கு.

மின், மின்னணுக் கருவிகளின் பிளாஸ்டிக்கிற்கு 'ரோஸ்' விதிமுறை தனியாக இருக்கிறது. 2006-ல் ஆறு கட்டுப்படுத்தப்பட்ட வேதிப்பொருள்களோடு நடைமுறைக்கு வந்தது. பின்னர் நான்கு தாலேட்டுகள் சேர்ந்து பத்து ஆயின.

அமெரிக்காவில் 2007-ல் ஈயம் கலந்த வண்ணம் பூசிய பொம்மைகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கொதிப்பில் பிறந்தது 2008-ன் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம். குழந்தைப் பொருள்களுக்கு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்ற ஆய்வகத்தில் மூன்றாம் தரப்புச் சோதனையும், அதன் அடிப்படையில் எழுத்துச் சான்றும் கட்டாயம். பூச்சுகளில் ஈயம் 90, அடிப்பொருளில் 100, இரண்டும் பத்து லட்சத்துக்கு. பொம்மைகளிலும் குழந்தைப் பராமரிப்புப் பொருள்களிலும் எட்டு தாலேட்டுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 0.1 விழுக்காடு. ஐரோப்பியப் பட்டியலும் இதுவும் முழுமையாக ஒன்றல்ல. ஒன்றுக்கான அறிக்கையை மற்றொன்றுக்குக் காட்ட முடியாது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உலக அளவில், எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை டெகாபிடிஇ என்ற தீத்தடுப்பியை 2017-ல் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தது.

ஐரோப்பியச் சந்தைக்கான 'சிஇ' முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பல பொருள்களில் அதை உற்பத்தியாளரே ஒட்டிக்கொள்கிறார். அது அவருடைய அறிவிப்பு, அரசின் ஒப்புதல் அன்று. அதேபோல் 'எஃப்டிஏ ஒப்புதல் பெற்ற பாட்டில்' என்பதும் தவறான பேச்சு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பான அது உணவோடு தொடர்புகொள்ளும் வேதிப்பொருள்களை ஒழுங்குபடுத்துகிறது, கடையில் உள்ள பாட்டிலை ஒவ்வொன்றாக ஏற்பதில்லை.

படி 4: முதலில் சல்லடை

எல்லாவற்றையும் விலையுயர்ந்த கருவியில் போடத் தேவையில்லை. கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை வைத்துப் பொருளை உடைக்காமலே ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், புரோமின், குளோரின் ஆகியவற்றைப் பார்க்கலாம். குளோரின் மிக அதிகம் என்றால் பி.வி.சி.யாக இருக்கக்கூடும். புரோமின் தென்பட்டால் தீத்தடுப்பியைச் சந்தேகிக்கலாம்.

புரோமின் அளவே ஒரு கதை சொல்லும். தீயைத் தடுக்க வேண்டுமென்றால் தீத்தடுப்பி பல விழுக்காடு இருக்க வேண்டும். ஒரு சமையலறைக் கரண்டியில் அது பத்து லட்சத்தில் சில நூறு பங்கு மட்டும் இருந்தால், யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லை. மறுசுழற்சி மூலப்பொருளோடு வந்துவிட்டது என்று ஊகிக்கலாம்.

இந்தக் கருவியால் தாலேட்டையும் பிஸ்பீனாலையும் பார்க்கவே முடியாது. தாலேட்டுகளும் பிஸ்பீனால் ஏவும் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே கொண்டவை. எக்ஸ்-கதிரில் அவற்றையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தறிய வழியில்லை. 'எக்ஸ்-கதிர்ச் சோதனையில் நச்சு இல்லை' என்று யாராவது சொன்னால் உலோகங்களைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியம் தெரிந்தாலும் அது ஆபத்தான ஆறிணைத்திறன் குரோமியமா என்று இக்கருவி சொல்லாது.

படி 5: உறுதிச் சோதனை

உலோகங்களுக்கு மாதிரியை அமிலத்தில் நுண்ணலை அடுப்பில் கரைத்து, பிளாஸ்மா கருவியில் அளக்கிறார்கள். தாலேட்டுகளுக்கு மாதிரியைக் கரைப்பானில் கரைத்தோ பிழிந்தோ ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பகுப்பும் நிறை நிறமாலையும் சேர்ந்த) கருவியில் செலுத்துகிறார்கள். பிஸ்பீனால்களுக்குத் திரவ நிறப்பகுப்புக் கருவி. வாங்குபவர் முறையின் நுணுக்கத்தை அறிய வேண்டியதில்லை. ஆனால் முறையின் பெயரையும் எண்ணையும் ஆய்வகத்தின் விலைப்புள்ளியில் எழுதச் சொல்லுங்கள்.

உணவு படும் பொருளில்தான் ஆழம் அதிகம். ஐரோப்பிய விதி 10/2011-ன்படி, ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பிலிருந்து மொத்தம் 10 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் கசியக் கூடாது. ஒரு கிலோ உணவு 6 சதுர டெசிமீட்டர் பிளாஸ்டிக்கைத் தொடுகிறது என்ற எடுகோளில் இது கிலோவுக்கு 60 மில்லிகிராம். இந்திய உணவுப் பொதி விதிமுறைகளிலும் இதே எண்கள்தான். உண்மையான உணவை வைத்துச் சோதிப்பது கடினம் என்பதால் மாற்றுத் திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள்: புளிப்புக்கு 3 விழுக்காடு அசெட்டிக் அமிலம், நீர்த்த உணவுகளுக்கு 10 விழுக்காடு எத்தனால், பால் போன்றவற்றுக்கு 50 விழுக்காடு எத்தனால், கொழுப்புக்குத் தாவர எண்ணெய். வழக்கமான நிபந்தனை 40 டிகிரியில் 10 நாள்.

இங்கேதான் தந்திரம் நடக்கிறது. எண்ணெய்ப் பண்டம் சூடாக வைக்கப்படும் ஒரு பெட்டியை, நீர்த்த எத்தனாலில் 40 டிகிரியில் மட்டும் சோதித்து 'உணவுக்கு ஏற்றது' என்று சான்று வாங்கலாம். சான்று உண்மையானதே, உங்கள் பயன்பாட்டுக்கு அது பொருந்தாது. படி 1-ல் எழுதிய தாளை எடுத்து, சோதனைத் திரவத்தோடும் வெப்பத்தோடும் ஒப்பிடுங்கள். மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பாத்திரம் என்றால் ஒரே மாதிரியை மும்முறை புதிய திரவத்தில் சோதிக்க வேண்டும். கசிவு முறைக்கு முறை கூடக் கூடாது. கூடினால் பொருள் சிதைகிறது என்று பொருள்.

மொத்தக் கசிவு தேறினாலே போதும் என்று நினைக்காதீர்கள். பத்து மில்லிகிராமுக்குள் எது கசிகிறது என்பதை அது சொல்லாது. தனிப் பொருள் வரம்புகள் அதனினும் மிகச் சிறியவை: மெலமைனுக்குக் கிலோ உணவுக்கு 2.5 மில்லிகிராம், பெட் பாட்டிலில் வரும் ஆன்டிமனிக்கு 0.04.

பிஸ்பீனால் ஏவின் வரலாறு வரம்புகள் எப்படி நகர்கின்றன என்பதைக் காட்டும். குழந்தைப் பால்புட்டிகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும் அமெரிக்கா 2012-லும் தடுத்தன. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாங்கத்தக்க தினசரி அளவை உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்கவில்லை. அதைப்போல ஆயிரம் மடங்கு உயர்ந்த ஓர் அளவைச் சொன்னது. அறிவியலாளர்களே சண்டையிட்டுக்கொண்டிருக்க, 2024 டிசம்பரில் ஒன்றியம் உணவு படும் பொருள்களில் பிஸ்பீனால் ஏவை மாற்றக் கால அவகாசத்தோடு தடைசெய்தது. மூன்று ஆண்டுக்கு முந்தைய அறிக்கை இன்று எதற்கும் உதவாமல் போகலாம்.

படி 6: ஆய்வகமும் மாதிரியும்

ஆய்வகத் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025-ன்படி அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதன்று. ஒவ்வொரு முறைக்கும் தனியாக. குடிநீர்ச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற இடம் தாலேட்டுக்குப் பெறாமல் இருக்கலாம். எந்தெந்த முறைகளுக்கு அங்கீகாரம் என்று காட்டும் எல்லைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

மாதிரியை உற்பத்தியாளர் அனுப்பினால் அவர் சிறந்ததைத்தான் அனுப்புவார். சந்தைக்குப் போகும் சரக்கிலிருந்து நீங்களே எடுங்கள். ஒவ்வொரு நிறமும் தனி மாதிரி. நிறமிதான் பல நேரங்களில் வில்லன்.

செலவைக் குறைக்கப் பல பாகங்களைக் கலந்து ஒற்றைச் சோதனை மாதிரியாக்கிச் சோதிப்பதுண்டு. ஒரு பாகத்தில் 0.25 விழுக்காடு தாலேட், மற்ற இரண்டில் இல்லை என்றால், சம எடையில் கலந்த மாதிரி சுமார் 0.083 என்று காட்டும், 0.1 வரம்புக்குள் தேறிவிடும். ஒழுங்கான ஆய்வகம், கலவையில் வரம்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே பிரித்துச் சோதிக்கும். அப்படிச் செய்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 7: அறிக்கையைப் படிப்பது

முதலில் படத்தைப் பாருங்கள். படத்தில் உள்ளது உங்கள் பொருள்தானா, அதே நிறமா, அதே மாடல் எண்ணா? அறிக்கை எண்ணை ஆய்வகத்திடமே சரிபாருங்கள். திருத்திய அறிக்கைகள் புழக்கத்தில் உண்டு. 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கண்டறியும் எல்லை இருக்க வேண்டும். வரம்பு 0.1, கண்டறியும் எல்லையும் 0.1 என்றால் அந்தச் சொல் கிட்டத்தட்ட வெற்று. முடிவு 0.095, அளவீட்டு ஐயப்பாடு 0.015 என்றால் அதை நான் தேறியதாக எண்ண மாட்டேன்.

பயமுறுத்தும் எண்களையும் இதே கண்ணோடு படியுங்கள். 2024 அக்டோபரில், கறுப்பு பிளாஸ்டிக் சமையல் கருவிகளில் தீத்தடுப்பிகள் இருப்பதாக வந்த ஓர் ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஒருவர் நாளுக்கு 34,700 நானோகிராம் டெகாபிடிஇ உட்கொள்ளலாம், அது பாதுகாப்பு அளவான 42,000-ஐ நெருங்குகிறது என்றது. கிலோவுக்கு 7,000 நானோகிராம், 60 கிலோ எடை: பெருக்கினால் 4,20,000. ஒரு பூஜ்ஜியம் விடுபட்டிருந்தது. டிசம்பரில் திருத்தம் வந்தது. தீத்தடுப்பி இருந்தது உண்மை, சமையலறைக் கருவியில் அதற்கு இடமில்லை என்பதும் உண்மை. ஆனால் இருப்பது வேறு, எவ்வளவு உடலுக்குள் போகிறது என்பது வேறு.

படி 8: தோற்றால் என்ன செய்வது?

விற்பனையை நிறுத்துங்கள், தொகுதி எண்ணைப் பதியுங்கள், மீதி மாதிரியைப் பூட்டி வையுங்கள். அமெரிக்கச் சந்தை என்றால், தெரிவிக்க வேண்டிய தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லும் கடமை உண்டு. ஐரோப்பாவில் திரும்பப் பெறும் பொருள்கள் 'சேஃப்டி கேட்' தளத்தில் வாரந்தோறும் வருகின்றன. உங்கள் வகைப் பொருள்கள் எதில் தோற்கின்றன என்று அதில் தேடிப் பார்ப்பது, சோதனைப் பட்டியல் தயாரிக்க மிகச் சிறந்த இலவச வழி.

வாங்குபவராக இருந்தால் ரீச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த விற்பனையாளரிடமும், இந்தப் பொருளில் கவலைக்குரிய பட்டியல் பொருள் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா என்று எழுதிக் கேட்கலாம். இருந்தால் 45 நாளுக்குள், கட்டணமின்றி, குறைந்தது அதன் பெயரையாவது சொல்லியாக வேண்டும். பொருளின் பெயர், மாடல் எண், வாங்கிய தேதி மூன்றையும் எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

தோற்ற சரக்கை மறுசுழற்சிக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள ஈயமும் தாலேட்டும் அடுத்த பொருளுக்குள் போகும். தனிக் கழிவாக ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

தேறிய பொருளுக்கும் வேலை முடிவதில்லை. தொடர்ந்து தயாராகும் குழந்தைப் பொருள்களை அமெரிக்கச் சட்டப்படி குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். உற்பத்தி நிலையிலேயே ஒழுங்கான சோதனைத் திட்டம் இருந்தால் இடைவெளி நீளலாம். நிறமியையோ பிசினையோ அதைத் தருபவரையோ மாற்றினால், அந்தப் பாகத்தைப் பொறுத்தவரை பழைய அறிக்கை செல்லாது. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே 'முன்னறிவிப்பின்றி மூலப்பொருள் மாற்றக் கூடாது' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.